பூவுக்குப் பின்னால் ஒரு காது

"உன்னைத் தலைகீழாப் பிடிச்சு முதுகிலை தட்டினவள் நான்" என்பதுதான் எங்கள் ஊர் ஆண்களுக்கு அவர் வணக்கம் சொல்லும் முறை. பிள்ளைப்பேறு பார்க்கிற அரசாங்க மருத்துவமாதாக இருந்து ஓய்வுபெற்றவர். கோப்பாய்க்கும் நீர்வேலிக்கும் இடையில் இன்றைக்குத் தொந்தி வைத்துக்கொண்டு திரிகிற பலர் முதலில் விழுந்தது அவருடைய கையில்தான். அதை அவர் மறக்கவில்லை. எங்களையும் மறக்க விடவில்லை. சந்தியில் சொல்வார், செத்தவீட்டில் சொல்வார். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை மணவறையில் வந்து இருந்ததும் முன்வரிசையிலிருந்து, "உவன் பிறந்த உடனை என்ரை மூஞ்சையிலை அடிச்ச மூத்திரம்! இன்னும் கண்ணுக்கை நிக்குது" என்றார். ஐயர் அந்த மந்திரத்தை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டி வந்தது.

பெயரை எழுதமாட்டேன். இப்போது மகனோடு கனடாவில் இருக்கிறார். எழுதினால் அங்கிருந்து போன் எடுத்து, என் எழுத்துப்பிழைகளோடு சேர்த்து என்னையும் திருத்துவார். மருத்துவமாதை எங்கள் பக்கம் மிசி என்பார்கள்; அதனால் ஊருக்கு அவர் மிசியக்கா. எனக்கு அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி மட்டும் இருந்தது.

ஓய்வுபெற்றதும் மகன் ஒரு கமரா அனுப்பிவைத்தான். அம்மா கோயில் குளம் என்று போய்வந்து படம் எடுப்பா என்று அவன் நினைத்திருப்பான். அக்கா பூக்களைப் பிடித்தார். விடிய எழும்பி, பழைய வீட்டுச் சட்டையோடு, கழுத்தில் ஒரு துவாயும் போட்டுக்கொண்டு செவ்வரத்தைக்கு முன்னால் குந்துவார். உடுப்புக்குப் போடுகிற கிளிப் இரண்டு சட்டையில் தொங்கும். காற்றில் ஆடுகிற கிளையைப் பிடித்து வைக்க. உடுப்பு மினுக்கும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தலும் கையில் இருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் பல்லு மினுக்கிக்கொண்டு நிற்கிற எனக்கு அவருடைய குரல் கேட்கும்.

"ஓம்... ஓம்... இன்னும் கொஞ்சம். அவசரப்படாதை. மூச்சை விடு. இந்தா வந்திட்டுது... கெட்டிக்காரி!"

முதல் நாள் யாருக்கோ அவசரமாகிவிட்டது என்று பயந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஒரு மொட்டு விரிந்துகொண்டிருந்தது. அசைந்தால் மட்டும் அதற்கு ஏச்சு விழும். "மூதேவி, ஒரு நிமிசம் ஒழுங்கா நிக்கத் தெரியாதே?"

ஒருவரிடமும் அனுமதி கேட்கமாட்டார். அதுதான் அவர். படலை திறந்திருந்தால் உள்ளே வந்து பூக்கண்டுக்குக் கீழே படுத்துவிடுவார். பூட்டியிருந்தால் வேலிக்குள்ளால் கமராவை நீட்டுவார். நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக்காரர், இரவில் குலை களவு போகிறது என்று காவல் இருந்தவர், விடிகிற நேரம் வாழைகளுக்கு நடுவில் இரண்டு கால் நீட்டிக்கொண்டு கிடப்பதைக் கண்டு பொல்லோடு ஓடியிருக்கிறார். அக்கா மல்லாக்கக் கிடந்து, பூ விரிந்து தொங்கிய வாழைப்பொத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை தோட்டத்துக்கை ஆரைக் கேட்டு வந்தனீங்கள்?"

"நீ என்னைக் கேட்டே பிறந்தனீ?"

"குலை வெட்டவெல்லோ வந்திருக்கிறியள் எண்டு நினைச்சன்."

"உன்ரை குலை ஆருக்கு வேணும்? நீ பிறந்த அண்டைக்கே பாத்தது காணும். தள்ளி நில்லு, நிழல் விழுது."

அந்த மனிதர் பொல்லைக் கீழே போட்டுவிட்டு நிழல் விழாத பக்கமாகப் போய் நின்றார் என்று, அவரே எங்கள் சனசமூக நிலையத்தில் வந்து சொல்லிச் சிரித்தார். அந்தச் சனசமூக நிலையத்தைத் திறந்து கூட்டிப் பேப்பர் விரித்து வைக்கிறது என்னுடைய வேலை. நான் படித்தது பத்தாம் வகுப்புவரை. நாலு பேர் கூடினால் எனக்கு வாய் கட்டிவிடும். பேப்பர்களோடு இருப்பது நல்லது. அவை திருப்பிக் கேட்காது.

பூப்படங்களை அக்கா ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஊர் அவற்றை எடுத்து, மேலே மினுங்குகிற எழுத்தில் 'இனிய காலை வணக்கம்' என்று அடித்து உலகம் முழுக்க அனுப்பும். அவர் அதைப் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் விடிய அவருடைய தேமாப்பூ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்தாகக் குழுவில் வந்தது. பின்னேரம் அதே பூ, அதே பனித்துளியோடு, யாரோ ஒருவருக்கு ஆழ்ந்த அனுதாபமாக வந்தது. அக்கா போனையும் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குள் வந்தார்.

"பாத்தியே தம்பி? என்ரை பூ காலமை கேக் திண்டிட்டுப் பின்னேரம் செத்தவீட்டுக்கும் போட்டு வந்திட்டுது. இனிப் பூ இல்லை. அறுந்து போச்சு. இனி நான் எடுக்கிறதிலை ஒருத்தருக்கும் எழுத்துப் போட மனம் வரக்கூடாது."

"வேறை என்னத்தை எடுக்கப்போறியள் அக்கா?"

"பாப்பம்."

முதலில் ஆடு ஒன்றை எடுத்தார். அடுத்தநாள் ஆடு 'வாழ்க வளமுடன்' என்று சொல்லிக்கொண்டு வந்தது. கிணற்றுக் கப்பியை எடுத்தார். அதற்கு 'நம்பிக்கையே வாழ்க்கை' என்று போட்டார்கள். சாணியைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பிள்ளையார் கோயில் திருவிழா தொடங்கியது.

எங்கள் ஊரில் ஆம்பிளையள் மேலுக்கு ஒன்றும் போடாமல் வேட்டியோடு கோயிலுக்குள் நிற்பார்கள். ஐயர் தருகிற பூவைக் காதில் செருகிக்கொள்வார்கள். பழக்கதோசத்தில் அக்கா அந்தப் பூக்களைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார். போகப் போகப் பூ சின்னதாகிக் காது பெரிதாகிவிட்டது. மூன்றாம் நாள் திருவிழாவில் ஒருவருடைய கன்னத்தில் மூச்சுப் படுகிற தூரத்தில் கமராவோடு நின்றார்.

"மிசியக்கா, இதென்ன இது? சனம் பாக்குது."

"நான் பூவை எடுக்கிறன். பூவுக்குப் பின்னாலை உன்ரை காது நிண்டா அது என்ரை பிழையே?"

அதற்குப் பிறகு பூவும் தேவைப்படவில்லை. கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை பண்ணினவர்களின் வெடித்த குதிக்கால்கள், தூக்குக்காவடிக்காரன் ஒருவனுடைய முள் குத்தி இழுத்த முதுகு மடிப்பு, தேர்வடம் பிடித்துச் சிவந்த உள்ளங்கை. "உவளுக்கு விசர் முத்திப் போச்சு" என்றார்கள். அக்காவின் காதிலும் விழுந்தது. "உங்களையெல்லாம் உடுப்பில்லாமல் கண்டவள். அப்ப இல்லாத வெக்கம் இப்ப எங்காலை வந்தது?" என்றார்.

தலைவர் மட்டும் தானாகவே வந்து முன்னால் நின்றார். கோயில் சபைக்கும் அவர்தான் தலைவர், எங்கள் நிலையத்துக்கும் அவர்தான். மாலையோடு, சந்தனம் பூசிக்கொண்டு, பட்டு வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, வயிற்றையும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு நின்றார். அக்கா கமராவைக் கீழே பிடித்தபடி அவருக்கு மூச்சு முட்டும்வரை காத்துக்கொண்டு நின்றார். வயிறு வெளியே வந்ததும் ஒரு கிளிக். "வேட்டிக் கரை நல்லா விழுந்துதோ?" என்று தலைவர் கேட்டார். "நல்லா விழுந்துது" என்றார் அக்கா.

இனி என்னுடைய கதையைச் சொல்ல வேண்டும். எனக்குக் காது பெரிது. சும்மா பெரிதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் சுளகு, அரிசி புடைக்கிற சுளகு. காற்றடித்தால் பறந்துவிடுவேன் என்று விளையாட்டுப் போட்டியில் என்னைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பெடியள் எல்லாரும் வளர்ந்து மொட்டையாகி இப்போது நிலையத்துக்குப் பேப்பர் பார்க்க வருகிறார்கள். அவசரத்துக்குச் சுளகு என்றுதான் வாயில் வரும். தலைமயிர் வெட்டுகிறவரிடம் காதை மூடி விடச் சொல்வேன். வீட்டில் என் மனிசி கேலி பண்ணுவாள்: "காது பெரிசா இருந்தும் நான் சொல்லுறது ஒண்டும் கேக்குதில்லை." அவளுக்கு முன்னால் பரவாயில்லை. சனத்துக்கு முன்னால் என்றால் எனக்கு உயிர் போய்விடும்.

ஒருநாள் காலமை நிலையத்துக் கிழக்கு யன்னலோடு குனிந்து பேப்பர் விரித்துக்கொண்டிருந்தேன். முதல்நாள்தான் மயிர் வெட்டியிருந்தேன். வெட்டினவர் புதுப் பெடியன்; சொன்னது விளங்கவில்லை, காதைச் சுற்றி வழித்துவிட்டான். பின்னால் கிளிக் என்றது.

"ஆடாதை" என்றார் அக்கா. ஆடின பிறகு சொல்லி என்ன? கமராவின் பின்பக்கத்தைக் காட்டினார். வெயில் காதை ஊடுருவி வந்திருந்தது. ஒரே சிவப்பு. சிவப்புக்குள்ளே கிளைவிட்டுப் போகிற நரம்புகள், விளிம்பில் பொன்னிறமாகப் பூனைமயிர். என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது. கையால் காதைப் பொத்திக்கொண்டேன்.

"நிலையத்தின்ரை ஆண்டு விழாவுக்குக் கண்காட்சி வைக்கச் சொல்லித் தலைவர் கேட்டவர். இதைத்தான் நடுவிலை மாட்டப்போறன். கதவளவுக்கு."

"வேண்டாம் அக்கா" என்றேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

என் 'வேண்டாம்' எப்போதும் அப்படித்தான். மற்றவரின் காதுக்குப் போவதற்குள் திரும்பி வந்துவிடும்.

விழாவுக்கு முதல்நாள் படங்களை மாட்டினதும் நான்தான். என் காதை நானே ஆணியடித்துத் தூக்கினேன். அக்கா கதிரையில் இருந்து, "இடப்பக்கம் கொஞ்சம் ஏத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் கிட்டக் கிட்டப் போய் எடுத்தவை. எது எதென்று பார்த்தவுடனே சொல்ல முடியாது. தாமரை மொட்டுப் போல ஒன்று, சந்தன நிறத்தில், நடுவில் குழிந்து, சுற்றிவர மெல்லிய இதழாக மடிந்து இருந்தது.

"இது என்ன அக்கா?"

"தலைவற்றை தொப்புள்."

நான் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். "அவருக்குத் தெரியுமோ?"

"அவற்றை வயித்திலைதானே இருக்கு. தெரியாமல் இருக்குமே?" கதிரையில் இருந்தபடியே அடுத்த படத்தை என்னிடம் நீட்டினார். "ஒண்டுக்கும் பேர் எழுதாதை. நானும் வாய் திறக்கமாட்டன். பாக்கிறவை பாக்கட்டும். ஒரு ஆளாவது உது பூ இல்லை எண்டு சொன்னாக் காணும். ஒருத்தரும் சொல்லாட்டில் நான் எடுக்கிறதிலை ஒரு அர்த்தமும் இல்லை. கமராவை மகனுக்கே திருப்பி அனுப்பிப்போட்டு உங்கடை காலை வணக்கத்தைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று பார்த்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. நான் வேறு ஒன்றைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்: பிள்ளையாரே, ஒருத்தருக்கும் கண் தெரியக்கூடாது.

அடுத்தநாள் காலமை வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். 'மாபெரும் மலர்க் கண்காட்சி'. அக்கா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

சனம் வந்தது. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று தலையாட்டியது. வெடித்த குதிக்காலைப் பார்த்து, "உது காஞ்ச தாமரைக்காய்" என்றார்கள். காவடி முதுகைக் கற்றாழை என்றார்கள். என் காதடியில்தான் கூட்டம் அதிகம்.

"செவ்வரத்தை."

"செவ்வரத்தைக்கு மயிர் இருக்கோ? இது ஏதோ வெளிநாட்டுச் சாமான்."

"ஒரு கண்டு கிடைச்சா வைக்கலாம். தண்ணி கனக்க வேணுமோ தெரியாது."

நான் அந்தப் படத்துக்குக் கீழேயே, பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்குவது போல நின்றேன். ஒருவரும் மேலேயும் கீழேயும் ஒத்துப் பார்க்கவில்லை. மிசியக்கா எடுத்தால் அது பூ. கண் பார்ப்பதற்கு முதலே அவர்களுக்கு முடிவாகியிருந்தது. என் கும்பிடு பலித்துவிட்டது. சந்தோசமாக இருந்திருக்க வேண்டும்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "மலர்கள் பேசுவதில்லை. ஆனால் எமது சகோதரியின் மலர்கள் பேசுகின்றன. இதோ, இந்தத் தாமரை மொட்டைப் பாருங்கள். என்ன அடக்கம்! என்ன தூய்மை! இதன் முன்னால் நிற்கும்போது கர்ப்பக்கிருகத்தில் நிற்பது போன்ற உணர்வு எனக்கு ஏற்படுகின்றது." சனம் கை தட்டியது. நான் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மடியில் இருந்த கமராவைத் தடவிக்கொண்டு இருந்தார்.

சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு அன்ரி என் காதைப் போனில் படம் எடுத்தார். "அக்கா, உந்தச் சிவப்புப் பூ எனக்கு ஒண்டு அடிச்சுத் தாங்கோ. அங்கை சாமியறைக்குள்ளை மாட்டப்போறன்." அதோடு நிற்கவில்லை. போனில் என்னவோ தட்டினார். மண்டபம் முழுக்க எல்லாருடைய போனும் ஒன்றாகக் கிணுங்கின. ஊர்க் குழுவில் என் காது வந்திருந்தது. விளிம்பைச் சுற்றி வளைவாக, மினுங்குகிற எழுத்தில்: இனிய காலை வணக்கம்.

அக்கா தன்னுடைய போனைப் பார்த்தார். பிறகு அதை வைத்துவிட்டு, கமராவின் கண்ணுக்கு மூடியைப் போட்டார். அதைப் பையில் வைத்துச் சிப்பை இழுத்து மூடினார். அவர் அவ்வளவு மெதுவாக ஒரு வேலை செய்ததை நான் கண்டதில்லை.

"அது பூ இல்லை" என்றேன்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. தலைவர் இன்னும் தூய்மையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் அவருடைய கையிலிருந்து மைக்கை வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. பறித்ததாகத்தான் மனிசி சொல்கிறாள்.

"அது பூ இல்லை. என்ரை காது."

மைக் கீச்சென்று கத்தியது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "சுளகுக்கு விசரோ?" என்றான். வாழைத்தோட்டக்காரர் எழும்பி வந்தார். என் தலையைப் பிடித்துத் திருப்பினார். போனில் லைற்றைப் போட்டுக் காதுக்குப் பின்னால் பிடித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"ஓமடா! அதே நரம்பு. உதிலை பிரியிது, உதிலை சேருது. வந்து பாருங்கோ!"

வந்தார்கள். வரிசையில் வந்தார்கள். கை கழுவாதவர்களும் காதைப் பிடித்துப் பார்த்தார்கள். சிரித்த சிரிப்பில் கூரைத் தகடு ஆடியது. சுவிஸ் அன்ரி போனோடு போராடிக்கொண்டிருந்தார். "ஐயோ, இதை எப்பிடி அழிக்கிறது? மாமிக்கும் போட்டுது!" செத்துப்போகலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் சாகவில்லை. நெருப்புக்குள் போனது போல ஆரம்பத்தில் சுட்டது, பிறகு வெறும் சூடுதான்.

அப்போதுதான் வாழைத்தோட்டக்காரர் லைற்றை மற்றப் படங்களின் பக்கம் திருப்பினார். "அப்ப உதுகள்?"

சனம் சுவரை நோக்கித் திரும்பியது. முதல் தரமாகக் கிட்டப் போய்ப் பார்த்தது. "இது கால்! குதிக்கால்!" "இந்தப் பித்தவெடிப்பு எங்கடை அண்ணையின்ரை!" "இந்த முதுகு ஆர்? திரும்படா, பாப்பம்!" ஆம்பிளையள் சேட்டைத் தூக்கி ஒருவரை ஒருவர் ஒத்துப் பார்த்தார்கள். அந்த அமளிக்குள் ஒரு பிள்ளை தாமரை மொட்டைத் தொட்டுக்கொண்டு, "இது என்னம்மா?" என்று கேட்டது.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கதிரையை விட்டு எழும்பினார்.

"அது தலைவற்றை தொப்புள்."

தலைவர் படத்தைப் பார்த்தார். குனிந்து தன்னைப் பார்த்தார். வேட்டியை ஒரு சாண் மேலே ஏற்றினார். "கேக்காமல் கொள்ளாமல் எடுத்துச் சுவரிலை மாட்டினால் என்ன அர்த்தம்? உடனை கழட்டுங்கோ!"

"கழட்டலாம்" என்றார் அக்கா. "அடக்கம், தூய்மை எண்டு சொன்னதையும் சேத்துக் கழட்டுறதோ? அதை மாத்திரம் விடுறதோ?"

தலைவர் படத்தடிக்குப் போனார். படத்தை மறுபடியும் பார்த்தார். இந்தமுறை கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி. "சரி, கிடக்கட்டும்" என்றார். "ஆனா கொஞ்சம் மேலை மாட்டச் சொல்லுங்கோ. பிள்ளையள் கைவிரலை வைக்குதுகள்."

சனம் மெல்ல மெல்லத் தேத்தண்ணிப் பக்கம் போனது. என் இடக்காது கிள்ளுப்பட்டு எரிந்துகொண்டிருந்தது. அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"நீ சொன்னது கணக்கில்லை. நீ பாத்துக் கண்டுபிடிக்கேல்லை. உனக்கு முதலே தெரியும்."

"ஓம் அக்கா."

"நான் ஒரு ஆளாவது எண்டு சொன்னது வேறை அர்த்தத்திலை."

"ஓம்."

"ஓமோ? ஓம் எண்டு நிக்கிறான் பார்." பையின் சிப்பைத் திறந்து கமராவை எடுத்தார். மூடியைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டார். என்னுடைய வலப்பக்கமாக வந்து, கழுத்தைச் சாய்த்து, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். கேட்டு எடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

"உந்தக் காதையும் ஒண்டு எடுக்கட்டே மேனை?"

"உள்ளுக்கை வெளிச்சம் காணாது அக்கா" என்றேன். "வெளியிலை வாங்கோ."